நேபாளத்துக்கு விசா எடுத்துத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால்

போன வாரம் எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய குரூப்பில் ஒரு போஸ்டர் வந்தது. பிப்ரவரியில் பத்து நாள் நேபாள ஊழியப் பயணம், சகோதரிகளுக்கு மட்டும், முன்பதிவு 5,000 ரூபாய். படத்தில் மஞ்சள் சால்வை போர்த்திய ஒரு பெண்பிள்ளை துணிப்பை ஒன்றைப் பிடித்தபடி சிரிக்கிறாள். அந்தப் பையைத் தைத்தது நான்தான். இதே ஆட்கள் முன்பு நடத்திய பயணத்தில் போய்வந்தவள் நான். அதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. நடத்துகிறவர்கள் பெயரை இங்கே போடவில்லை. ஆபீஸ் புதுச்சேரியில் இருக்கிறது, அது போதும்.

நான் கடலூர் முதுநகரில் வீட்டிலேயே தையல் மிஷின் வைத்துப் பிழைக்கிறவள். உபவாசக் கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு சிஸ்டர், மேற்கு நேபாளத்தில் இருக்கும் சௌபடி வழக்கத்தைப் பற்றிச் சொன்னார். மாதவிலக்கு நாட்களில் பெண்களை வீட்டைவிட்டுத் தள்ளிக் குடிசையில் படுக்க வைப்பார்கள். குளிருக்கு மூட்டிய தீயின் புகையில் மூச்சு முட்டியும், பாம்பு கடித்தும் செத்தவர்கள் உண்டு. இதில் பொய் எதுவும் இல்லை. அப்படித் தள்ளிவைப்பது 2018 முதல் அங்கே தண்டனைக்குரிய குற்றம். 'வீட்டுக்குத் தூரம்' என்று கொல்லைப்புறத்தில் தனித்தட்டோடு உட்கார்ந்த நாள் எனக்கும் உண்டு. "துணி நாப்கின் தைக்கக் கத்துக்கொடுக்க ஆள் இல்லம்மா, நீங்க வாங்க" என்றார் அந்த சிஸ்டர். கைத்தொழில் தெரிந்தவளுக்கு இதைவிட இனிப்பான பேச்சு உண்டா? சீட்டுப் பணம் எடுத்து 48,500 ரூபாய் கட்டினேன். ஃபிளானலும் காடாத்துணியும் வாங்கி, 140 நாப்கின் தைத்து, பைகளில் போட்டு மூட்டை கட்டினேன்.

அந்த 48,500-இல் விசாவுக்கு என்று 3,500. இந்தியர்கள் நேபாளம் போக விசாவே வேண்டாம், வாக்காளர் அட்டையே போதும். இது எனக்குத் தெரிந்ததே எல்லையில் நிற்கும்போதுதான். ஆமாம், எல்லைதான். காத்மாண்டுக்கு விமானம் என்று சொல்லிவிட்டு, கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு "டிக்கெட் விலை ஏறிடுச்சு, கர்த்தர் வேற வழி திறந்திருக்கார்" என்றார்கள். திறந்த வழி, சென்னையிலிருந்து கோரக்பூருக்கு இரண்டு ராத்திரி ரயில், அங்கிருந்து எல்லை ஊரான சுனௌலிக்கு பஸ், அப்புறம் காத்மாண்டு வரை இன்னொரு ராத்திரி பஸ். ஒன்பது பேரில் மூன்று பேருக்கு முட்டிவலி. மிச்சமான விமானக் காசு என்ன ஆனது என்று கேட்டால் "விசுவாசத்தோட வாங்க சிஸ்டர்" என்பதுதான் பதில். அங்கே நம் நூறு ரூபாய்க்கு அவர்கள் பணம் நூற்றறுபது. ரொம்ப வருஷமாக மாறாத கணக்கு. எங்களுக்கு நூற்று நாற்பதுதான் மாற்றிக் கொடுத்தார்கள்.

மேற்குப் பக்கம் நாங்கள் போகவே இல்லை. காத்மாண்டுவை ஒட்டியிருக்கும் லலித்பூரில், வாடகை வீட்டில் நடக்கும் ஒரு பெண்பிள்ளைகள் இல்லம். மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. என் மூட்டையை வைக்க அலமாரியைத் திறந்தார்கள். உள்ளே பாலித்தீன் பிரிக்காத துணி நாப்கின்கள் அடுக்கடுக்காக இருந்தன. ஒரு கட்டின்மேல் மலையாளத்தில் ஏதோ எழுதியிருந்தது, இன்னொன்றில் ஆங்கிலம். எனக்கு முன்னால் எத்தனை கைத்தொழில்காரிகளிடம் இதே பேச்சைப் பேசினார்களோ. பதினான்கு வயசு இருக்கும் ஒரு பிள்ளை, என் நாப்கினை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே போய் தான் தைத்ததை எடுத்துவந்து காட்டினாள். இறக்கைக்குப் பிரஸ் பட்டன், ஓரத்தில் இரட்டைத் தையல். என்னுடையதைவிட நன்றாக இருந்தது. அவளுக்குத் தெரிந்த இந்தியும் எனக்குத் தெரிந்த நாலு இந்தி வார்த்தையும் சேர்ந்ததில் ஒன்று புரிந்தது: அவள் அம்மா ஊரில் இருக்கிறாள். எங்களிடம் எல்லாரும் அநாதைகள் என்று சொல்லியிருந்தார்கள். அப்புறம் போட்டோ எடுத்தார்கள், மூட்டை அலமாரிக்குள் போனது.

சுனாமிக்கு அப்புறம் தேவனாம்பட்டினத்தில் ரோட்டோரம் குவிந்து கிடந்த பழைய துணிகள் அன்று ராத்திரி ஞாபகத்துக்கு வந்தன. கம்பளி ஸ்வெட்டர்கூட இருந்தது, கடலூர் வெயிலுக்கு! அன்றைக்கு அனுப்பினவர்களைத் திட்டித் தீர்த்தவள் நான்.

இதையெல்லாம் பண நஷ்டம் என்று விட்டுவிடலாம். கைப்பிரதி, அதாவது சுவிசேஷ நோட்டீஸ், விஷயம் அப்படியில்லை. கிளம்பும்போது ஆளுக்கு 200 நேபாளிக் கைப்பிரதி கொடுத்து, பையில் சேலைகளுக்கு அடியில் வைக்கச் சொன்னார்கள். அங்கே சனிக்கிழமைதான் விடுமுறை, ஆராதனையும் அன்றைக்குத்தான். ஆராதனை முடிந்து பையைத் திறந்தபோது அந்தச் சபைப் போதகர் முகம் வெளுத்துப்போய், கதவைச் சாத்தச் சொன்னார். மதமாற்றத்தை 2015 அரசியல் சாசனமே தடுக்கிறது. 2018-இல் அமலுக்கு வந்த குற்றவியல் சட்டத்தில் ஐந்து வருடம் வரை சிறை, அவர்கள் பணத்தில் 50,000 ரூபாய் வரை அபராதம். வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்ததும் நாடு கடத்துவார்கள். "நீங்கள் ஊருக்குப் போய்விடுவீர்கள், பதில் சொல்லவேண்டியது நாங்கள்" என்றார். ஒன்பது பெண்களை எதுவும் சொல்லாமல் இதைச் சுமக்க வைத்திருக்கிறார்கள்.

திரும்பி வந்து கணக்குக் கேட்டோம். ரசீதைப் பாருங்கள் என்றார்கள். பார்த்தால் 'ஊழியக் காணிக்கை'. காணிக்கையை யாராவது திருப்பிக் கேட்பார்களா என்று ஒரு சிரிப்பு வேறு. எங்கள் தெரு வக்கீல் தம்பி சொன்னது: நன்கொடை என்று எழுதிவிட்டால், நாங்கள் சேவை எதையும் விற்கவில்லை என்று வாதாடுவார்கள். அதனால் விமானம், விசா, தங்குமிடம் என்று தொகை பிரித்துப் போட்ட வாட்ஸ்அப் மெசேஜ்தான் உயிர். நல்லவேளை, நான் அதை அழிக்கவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் மனு போடலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை.

ஒன்பதில் நாங்கள் நாலு பேர் மனு எழுதிவிட்டோம். மற்றவர்கள் 'ஊழியக்காரருக்கு விரோதமாகப் பேசக்கூடாது' என்று ஒதுங்கிவிட்டார்கள். பிப்ரவரி பயணத்துக்கு 5,000 கட்டியவர்கள் யாராவது இருந்தால் மீதியைக் கட்டுவதற்கு முன்னால் எனக்கு மெசேஜ் போடுங்கள். என் ரசீதையும் அந்தத் தொகைப் பட்டியலையும் அனுப்புகிறேன், உங்களுக்கு வந்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.