போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸ்: 450 ரூபாய்க்குத் தேறுமா?

மிக நெருக்கத்தில் படமெடுக்க உதவும் இந்த லென்ஸை மொரீஷியஸின் ரோஸ் ஹில் கடைத்தெருவில் 450 ரூபாய் (மொரீஷியஸ் ரூபாய்) கொடுத்து வாங்கினேன். எங்கள் தெருமுனையில் நிற்கும் கல்யாண முருங்கையின் இலைக்காம்பெல்லாம் வீங்கிச் சுருண்டு கிடக்கிறதே, அது என்ன நோய் என்று பார்க்கத்தான். நோயே இல்லை. ஒரு புடைப்பைப் பிளேடால் கீறி லென்ஸை வைத்தால் உள்ளே சின்னச் சின்ன அறைகள், அறைக்கு ஒரு வெள்ளைப் புழு. குவாட்ராஸ்டிகஸ் எரித்ரினே என்ற குளவியின் குஞ்சுகள். வளர்ந்தாலும் ஒன்றரை மில்லிமீட்டர்தான், 2004-இல் இதற்குப் பெயர் வைத்தபோது சிங்கப்பூர், ரீயூனியன் தீவோடு நம் மொரீஷியஸ் மாதிரிகளையும் வைத்துத்தான் விவரித்தார்கள். (பாட்டி உரசிப் போடும் மாசிக்காயும் இப்படிக் குளவி முட்டையிட்டு வந்த புடைப்புதான், காயே இல்லை.)

லென்ஸுக்கு வருவோம். படம் நடுவில் கூர்மை, ஓரம் மங்கல். இரண்டு சென்டிமீட்டர் நெருங்கினால்தான் தெளியும், அதற்குள் போனின் நிழலே இலைமேல் விழுந்துவிடுகிறது, பறக்கிற பூச்சி என்றால் சுத்தம். கிளிப் வேறு லூசு, கவரைக் கழற்றாமல் மாட்டினால் நழுவுகிறது. மாற்றித் தரக் கேட்டேன், கடைக்காரர் சிரித்தார். ஆனாலும் புடைப்பு ஓடாதே, அதற்கு இது போதும்.