பத்துப் பரப்புக்குப் பத்துக் கிலோ சணல்: விதை நன்று, உழவு பிந்தியது

யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில், 1990 இல் போரால் நாங்கள் விட்டு வெளியேறி, பின்னர் கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் கால் வைக்க முடியாதிருந்த பத்துப் பரப்பு (பதினாறு பரப்பு ஏறத்தாழ ஓர் ஏக்கர்) செம்பாட்டுத் தோட்டத்தை மறுபடியும் பயிர்நிலமாக்குவதற்காக நான் முதலில் வாங்கிய பொருள் சணல் விதை. அந்த விதையையும், அதை விற்ற கடையையும், வளர்ந்த பயிரை மண்ணுள் புரட்டித் தந்த உழவு இயந்திரச் சேவையையும் பற்றியதே இந்த மதிப்பீடு. நட்சத்திரக் கணக்கில் கேட்பவர்களுக்கு: விதைக்கு நான்கு, கடைக்கு மூன்றரை, உழவுக்கு ஒன்று. அந்த ஒன்றும், எப்படியோ வந்து சேர்ந்தாரே என்பதற்காகக் கொடுத்தது.

சணல் என்றதும் எழும் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். கனடாவில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தம்பி, "அண்ணா, ஹெம்ப் போடுங்கோ, இஞ்சை அதிலை உடுப்பு, எண்ணெய் எல்லாம் செய்யினம்" என்று தொலைபேசியில் உற்சாகப்படுத்தினான். அவன் சொன்னது கஞ்சா இனத்து நார்ச்செடி. இங்கே அனுமதியின்றி அதை விதைத்தால் அறுவடைக்குப் பொலிஸார்தான் வருவார்கள். நம்மூர்ச் சணலுக்கு ஆங்கிலத்தில் சண் ஹெம்ப் என்று பெயர் இருந்தாலும், அது அவரைக் குடும்பத்துச் செடி. நாருக்காக வளர்க்கும் இடங்களும் உண்டு. யாழ்ப்பாணத்தில் நெல் வெட்டிய வயல்களில் மஞ்சளாகப் பூத்து நிற்பது, பச்சையாகவே மண்ணில் புரட்டி உக்கவிடும் பசுந்தாட் பசளைக்காகவே. பூவரசங் குழையும் பனையோலையும் மண்ணில் தாழ்த்திப் புகையிலை நட்ட எங்கள் பாட்டன்மாருக்கு இது புதிய வித்தை அன்று.

எனக்கு அது தேவைப்பட்டதற்குக் காரணம் இரண்டு. பற்றையாய் மண்டியிருந்த இபில் இபிலும் நாயுண்ணியும் வெட்டி வேரோடு அகற்றியபின் எஞ்சிய மண், கையில் அள்ளினால் செங்கல்தூள் போல விரலிடுக்கில் ஒழுகியது. அதில் நீர் நிற்கவில்லை. மற்றது கிணறு. செம்பாட்டு மண்ணின் கீழே வெடிப்பும் துளையுமான சுண்ணக்கல் இருப்பதால், பயிர் எடுத்து மிஞ்சிய யூரியா நைத்திரேற்றாகக் கரைந்து நேரே நிலத்தடி நீரில் இறங்குகிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. அதைத் தாண்டிய கிணறுகள் வலிகாமத்தில் புதுமையல்ல. ஆகவே இயற்கைப் பசளை என்று தீர்மானித்தோம். அந்தச் சொல்லைக் கேட்டு அயலவர் முகம் சுளித்ததையும் சொல்ல வேண்டும். 2021 வைகாசியில் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு திடீரெனத் தடைசெய்து, கார்த்திகையில் அதைக் கைவிட்டதற்கிடையில் விவசாயி பட்ட பாட்டை யாரும் மறக்கவில்லை.

விதைக்கு வருவோம். பரப்புக்கு ஒரு கிலோ வீதம் பத்துக் கிலோ வாங்கினேன். விலை ஒரு அந்தர் (ஏறத்தாழ 50 கிலோ) யூரியாவின் விலைக்கு உள்ளேயே அடங்கியது. நல்ல சணல் விதை கருஞ்சாம்பல் நிறத்தில், சிறுநீரக வடிவில், பளபளப்பாக இருக்கும். ஈரக் கையில் தேய்த்துப் பார்க்கையில் சாயம் ஒட்டினால் அது மருந்திட்ட விதை. இயற்கைத் தோட்டத்துக்கு ஆகாது. என் பையில் சாயம் இல்லை, முளைதிறன்தான் குறைவு. ஈரச் சாக்கில் நூறு விதையை மடித்து வைத்து நான்காம் நாள் எண்ணியபோது முளைத்தவை 61. கடைக்காரரிடம் சாக்கோடு கொண்டுபோய்க் காட்டினேன். தர்க்கம் பண்ணாமல் வேறு மூடையிலிருந்து மாற்றித் தந்தார். அதில் 88 முளைத்தன. பழைய விதையை முதலில் தள்ளிவிடப் பார்த்ததற்கு அரை நட்சத்திரத்தையும், பையில் பொதி செய்த திகதி இல்லாததற்கு ஒரு முழு நட்சத்திரத்தையும் குறைத்தேன். விதை கால்நடைக்கு நஞ்சு என்பதை அவர் வாய்விட்டுச் சொன்னது பிடித்தது. ஆடு வளர்ப்பவர்கள் மூடையை உயரத்தில் வைக்க வேண்டும்.

தை மாதம் கடைசி மழை ஈரத்தில் விதைத்து, மூன்று இறைப்பு மட்டும் கொடுத்தோம். நாற்பதாம் நாள் என் தோளுக்கு நின்றது. ஒரு செடியைக் கிண்டி எடுத்து, வேரில் இருந்த முடிச்சொன்றை நகத்தால் நசுக்கிப் பார்த்தேன், உள்ளே இளஞ்சிவப்பு. அந்த நிறம் இருந்தால் முடிச்சிலுள்ள பற்றீரியா காற்றின் நைதரசனைப் பிடித்துக் கொடுக்கிறது என்று அர்த்தம். இத்தனை வருடம் பற்றை மண்டிக் கிடந்த மண்ணில் அது இருக்குமோ என்ற என் பயம் அன்றோடு தீர்ந்தது. வேரில் வீக்கம் உண்டாக்கிப் பயிரைக் கெடுக்கும் வேர்முடிச்சு வட்டப்புழுவைச் சணல் கட்டுப்படுத்தும் என்பது பிறகு மிளகாய் வைக்கப்போகும் எனக்கு மேலதிக இலாபம்.

இனி உழவு. சணலைப் பூ அரும்பும் பருவத்தில், ஏறத்தாழ 45 முதல் 50 நாளுக்குள் தாழ்த்த வேண்டும். நாற்பத்தைந்தாம் நாளுக்கென்று விதைத்த அன்றே சொல்லி முற்பணமும் கொடுத்திருந்த உழவு இயந்திரக்காரர், "நாளைக்கு வாறன்" என்று மூன்று கிழமை சொன்னார். வயது எழுபத்தெட்டான என் மாமா பொறுக்கவில்லை. "தம்பி, பூத்தாப்பிறகு சணல் எங்கடை சொல் கேளாது" என்று கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கினார். இரண்டு கூலியாட்களோடு 48 ஆம் நாள் மூன்று பரப்பை வெட்டி, மண்வெட்டியால் கொத்தித் தாழ்த்தினோம். மற்ற ஏழு பரப்பும் மஞ்சளாகப் பூத்துக் குலுங்க, படம் எடுக்க வந்த பிள்ளைகளுக்கு மட்டும் கொண்டாட்டம்.

இயந்திரம் வந்தது 66 ஆம் நாள். தண்டு அதற்குள் நார் பாய்ந்திருந்தது. ரொட்டவேட்டரின் கத்திகளில் அந்த நார் திரிதிரியாகச் சுற்றி இறுகியது. இருபது அடிக்கு ஒருமுறை இயந்திரத்தை நிறுத்தி, குனிந்து, சமையல் கத்தியால் அறுத்து எடுத்தோம். மூன்று மணித்தியால வேலை ஒரு முழுநாளாயிற்று. அந்த முழுநாளுக்கும் மணிக்கணக்கில் கூலி வாங்கிக்கொண்டார் என்பதுதான் என் மனத்தாங்கல். பிந்தியது அவர், பணம் கட்டியது நான்.

சித்திரைக் கடைசியில் பத்துப் பரப்பிலும் ஒரே நாளில் சின்ன வெங்காயம் நட்டோம். மாமாவின் மூன்று பரப்பில் தாள் கரும்பச்சையாக எழுந்தது; மற்ற ஏழிலும் மூன்றாம் கிழமையில் நுனி வெளிறியது. முற்றிய தண்டை உக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைதரசனைத் தாமே எடுத்துக்கொள்வதால் பயிருக்குப் பஞ்சம் வருகிறது. மாட்டெருக் கரைசல் ஊற்றித்தான் அதைத் தேற்றினோம். ஒரே மூடையின் விதை, ஒரே கிணற்றுத் தண்ணீர். வித்தியாசம் பதினெட்டு நாள்.

ஆதலால் வாங்க நினைப்பவர்களுக்கு என் சிபாரிசு: விதையைத் தயங்காமல் வாங்கலாம், ஆனால் இயந்திரக்காரரின் நாளை உறுதிப்படுத்தியபின் விதையுங்கள். அவர் வராவிட்டால் கையால் வெட்டக்கூடிய அளவுக்கு மேல் முதல் தடவை விதைக்க வேண்டாம். ஆள்கூலி கூடத்தான், இருந்தும் மாமாவின் மூன்று பரப்புக்கு ஆன செலவு எனக்கு நட்டமாகத் தெரியவில்லை.

வேலியோரத்தில் ஒரு பாத்தியை வெட்டாமல் விதைக்கு விட்டிருந்தோம். காய்களைப் புழு துளைத்ததால் பாதிக்குமேல் சொத்தை. மிஞ்சியவை காய்ந்து, கொப்பை உலுப்பினால் கிலுகிலுக்கின்றன. அடித்துத் தூற்றியதில் நான்கு கிலோ தேறியது. மற்ற ஆறு கிலோவுக்கும் அதே கடைக்குத்தான் போவேன். ஈரச் சாக்கையும் கையோடு கொண்டுபோவேன்.