பாட்டு வாத்தியார்: பரம்பரையா, பட்டமா, மேடையா, கிரேடா?

நம் ஊர்களில் ஓரளவு பெரிய இசைப்பள்ளிக்குள் போனால் அறைக்கு ஒரு விதமான ஆசிரியர் இருப்பார். ஒருவர் நாதசுரக் குடும்பத்தில் பிறந்தவர். பக்கத்து அறையில் இசைக் கல்லூரியில் பட்டம் வாங்கியவர். மாடியில் கீபோர்டு சொல்லித் தருபவர் சர்ச் கொயரில் வளர்ந்து, லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் மேற்கத்திய இசைத் தேர்வில் எட்டாம் கிரேடு முடித்தவர். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் வருபவர் சபாக்களில் கச்சேரி செய்பவர். கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. பிள்ளையை யாரிடம் விடலாம் என்று வரவேற்பில் கேட்டால், "எல்லாருமே நல்லா சொல்லிக் கொடுப்பாங்க" என்பார்கள்.

அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எல்லாரும் ஒரே மாதிரி சொல்லிக் கொடுக்கமாட்டார்கள். இசையைப் பொறுத்தவரை ஆசிரியர் தான் கற்ற விதத்தில்தான் கற்றுத் தருகிறார். அவர் எங்கே படித்தார் என்பதைவிட எப்படிப் படித்தார் என்பதுதான் நம் பிள்ளையிடம் வந்து சேரும். என் மகள் வாய்ப்பாட்டும் மகன் கீபோர்டும் கற்றுக்கொள்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தும், இந்த ஆசிரியர்கள் பலரோடு பேசியும் எனக்குப் புரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பரம்பரையாக வந்தவர்கள். நாதசுர, தவில் குடும்பங்களில் பிறந்தவர்களுக்குப் பாடம் நோட்டுப் புத்தகத்தில் தொடங்கவில்லை. விடியற்காலையில் அப்பாவோ தாத்தாவோ சாதகம், அதாவது பயிற்சி, செய்வதைக் கேட்டுக்கொண்டே எழுந்தவர்கள். சாமி புறப்பாட்டுக்கு மல்லாரி, காலையில் பூபாளம், இரவில் நீலாம்பரி என்று இசையை அந்தந்த வேளையோடு சேர்த்துக் கேட்டுப் பழகியவர்கள். திருவிழா வீதியுலாவில் ஒரே ராகத்தை மணிக்கணக்கில் வாசிக்க வேண்டியிருக்கும். நாதசுர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தைப் பற்றி இன்றும் பேசுகிறோம் என்றால், அதன் பின்னால் இப்படிப்பட்ட பழக்கம் இருக்கிறது.

இந்தப் பழக்கம் வகுப்பில் எப்படி வெளிப்படும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். என் மகள் மோகன ராக வர்ணம் 'நின்னுக்கோரி' கற்றுக்கொண்டிருந்தாள். நோட்டில் 'க' என்று எழுதியிருந்தது, அவளும் 'க' என்று பாடினாள். ஆசிரியர் நோட்டை மூடி வைக்கச் சொன்னார். அந்தக் காந்தாரத்தை மட்டும் நிறுத்திப் பாடிக் காட்டினார். அப்புறம் ரிஷபத்தைத் தொட்டுக்கொண்டு அதற்கு ஏறிக் காட்டினார். அவள் திரும்பப் பாடினாள். "இன்னொரு தடவை" என்றார். அன்றைய வகுப்பில் பாதி இதிலேயே போய்விட்டது, வர்ணம் ஒரு வரிகூட நகரவில்லை. ஆனால் அடுத்த வாரம் அந்த 'க' அவளிடம் தானாக வந்தது. நோட்டில் எழுத முடியாத பகுதி அதுதான். நம் இசையில் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்தும் வளைத்தும் பாடுவது, காதால் மட்டும் வருகிற விஷயம். காதில் ஊறியவர்களிடம் உட்கார்ந்தால்தான் அது கிடைக்கும்.

குறையும் இருக்கிறது. "ஏன் இப்படிப் பாடணும்?" என்று பிள்ளை கேட்டால், "இப்படித்தான்" என்ற பதில் வரும். அவர் கேட்டபோதும் அவருக்கு அந்தப் பதில்தான் கிடைத்திருக்கும். பாடத்திட்டம் என்று ஒன்று கையில் இருக்காது. முகூர்த்த மாதங்களில் கல்யாணக் கச்சேரிகள் வரிசையாக வந்தால் வகுப்பு தள்ளிப்போகும். அது அவருடைய பிழைப்பு, குறை சொல்ல முடியாது. ஆனால் முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து கல்லூரியில் படித்தவர்கள். சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகள் இருக்கின்றன. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இவற்றிலிருந்து வருபவர்களின் பலம் ஒழுங்கு. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், ஸ்வரஜதி, வர்ணம் என்று படிப்படியாக, எந்தப் படியையும் தாண்டாமல் கொண்டுபோவார்கள். சில வகுப்புக்கு வர முடியாமல் போன பிள்ளைக்கு விட்ட இடத்திலிருந்து தொடங்கத் தெரியும். இசை ஆசிரியர் பயிற்சியும் முடித்தவராக இருந்தால், கூட்டமாக இருக்கும் வகுப்பையும் சமாளிப்பார்.

இன்னொரு பலம், விளக்கிச் சொல்வது. மற்ற ராகங்களுக்குத் தாயாக வைத்து எண்ணப்படும் மேளகர்த்தா ராகங்கள் 72. ராகத்தின் பெயரில் முதல் இரண்டு எழுத்தை வைத்தே அது எத்தனையாவது மேளம் என்று கண்டுபிடிக்க கடபயாதி என்றொரு முறை இருக்கிறது. மாயாமாளவகௌளையில் 'மா'வுக்கு 5, 'யா'வுக்கு 1. திருப்பிப் போட்டால் 15. அது பதினைந்தாவது மேளம். கணக்கில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள், அதுவரை சலித்துக்கொண்டே வந்த பிள்ளை வீட்டுக்கு வந்து எல்லா ராகத்தையும் எண்ணிப் பார்க்க உட்கார்ந்துவிடும். பரம்பரை ஆசிரியர்களில் எத்தனையோ பேர் இதையெல்லாம் அறிந்தவர்கள்தான். ஆனால் அதைப் பாடமாக வைத்துச் சொல்லும் பழக்கம் கல்லூரியிலிருந்து வந்தவர்களிடமே அதிகம்.

குறை என்னவென்றால், சில ஆண்டுகளுக்குள் நிறைய உருப்படிகளை, அதாவது பாடல்களை, முடிக்க வேண்டிய கட்டாயத்தில் அவர்கள் படித்திருக்கிறார்கள். அதே வேகம் வகுப்பிலும் வந்துவிடுகிறது. கண் நோட்டில், வாய் பாட்டில், காது எங்கோ. இருபது கீர்த்தனை 'முடித்த' பிள்ளை தம்புராவைப் போட்டால் சுருதியில் நிற்கத் திணறுவதை நான் பார்த்திருக்கிறேன். பெற்றோர்களுக்கும் இதில் பங்கு உண்டு. "இந்த மாசம் புதுப் பாட்டு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்பது நாம்தான்.

இந்த இரண்டையும் எதிரெதிராக நிறுத்திப் பேசுவது வழக்கமாகிவிட்டது. கல்லூரிகளின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அண்ணாமலையில் பேராசிரியராக இருந்த பொன்னையா பிள்ளை, தஞ்சை நால்வர் என்று புகழ்பெற்ற இசை, நாட்டியக் கலைஞர் சகோதரர்களின் வழிவந்தவர். சென்னையில் 1949இல் தொடங்கிய கர்நாடக இசைக் கல்லூரிக்கு முதல்வராக வந்தவர் முசிறி சுப்பிரமணிய ஐயர், மேடையில் உச்சத்தைப் பார்த்தவர். அங்கே கற்றுக்கொடுத்த டி. பிருந்தா வீணை தனம்மாளின் பேத்தி. பரம்பரையும் மேடையும் வந்து உட்கார்ந்துதான் அந்த வகுப்பறைகள் உருவாயின. அதனால் பட்டம் வாங்கிய ஆசிரியரிடம் நான் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி: "கல்லூரிக்கு வெளியே யாரிடம் கற்றீர்கள்?" தனியாக ஒரு குருவிடம் பல வருடம் இருந்தவர் என்றால் யோசிக்காமல் சேர்த்துவிடலாம்.

பெற்றோர்களில் பெரும்பாலோர் எட்டிக்கூடப் பார்க்காத ஒரு வகை இருக்கிறது: கோயில்களில் தேவாரம் பாடும் ஓதுவார் மரபில் வந்த ஆசிரியர்கள். எனக்கு இதில் வருத்தம் அதிகம். 'தோடுடைய செவியன்' என்ற ஒரு பதிகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பண் (பழந்தமிழ் இசையின் ராகம்) நட்டபாடை, இன்று ஓதுவார்கள் பாடுவது கம்பீரநாட்டையில். ஒரு பிள்ளை இதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டால் ஒரு ராகம், ஒரு தாளம், அதற்கு மேல் சுத்தமான தமிழ் உச்சரிப்பு மூன்றும் சேர்ந்து வந்துவிடும். 'ழ'வையும் 'ற'வையும் விழுங்காமல் பாட வேண்டும் என்று விடாப்பிடியாக நிற்பவர்கள் இவர்கள். அர்த்தம் தெரியாத மொழியில் பாடத் தொடங்கும் பிள்ளை சொல்லைப் பிரிக்கத் தெரியாமல் மூச்சு எடுக்கும், தேவாரம் கற்ற பிள்ளை சொல் முடிந்த இடத்தில்தான் மூச்சு விடும். விருத்தமாகப் பாடிப் பழகுவதால் தாளத்தின் பிடி இல்லாமல் ராகத்தில் நடமாடவும் தைரியம் வரும். தேவாரத்திலிருந்து வந்த எம்.எம். தண்டபாணி தேசிகர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைத்துறைக்கே தலைமை வகித்திருக்கிறார். "அது கோயிலுக்குப் பாடறவங்களுக்கு" என்று ஒதுக்குவது நமக்குத்தான் நஷ்டம். இந்த மரபின் குறை உருப்படிகளின் வகை குறைவு என்பதுதான். வர்ணம், கீர்த்தனை, கல்பனாஸ்வரம் என்று போக வேண்டுமென்றால் பிறகு இன்னொருவரிடம் போக வேண்டியிருக்கும்.

கச்சேரி செய்பவர்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, எல்லாரும் தேடுவது அவர்களைத்தான். மேடைக்குப் பின்னால் தம்புரா போட உட்காரும் வாய்ப்பு ஒன்றுக்காகவே அவர்களிடம் போகலாம். அவ்வளவு பக்கத்தில் இருந்து கேட்பது எந்த வகுப்பிலும் கிடைக்காது. ஆனால் மார்கழிக் கச்சேரி சீசனில் வகுப்பு நடக்காது, வெளிநாட்டுப் பயணம் என்றால் ஜூமில் ஒப்பேற்ற வேண்டும். சரளி வரிசை சொல்லிக்கொடுக்கும் பொறுமையும் நேரமும் பெரும்பாலும் இருக்காது, மூத்த மாணவர் ஒருவரிடம் விட்டுவிடுவார்கள். அப்படியானால் நீங்கள் சேர்ந்திருப்பது அந்த மூத்த மாணவரிடம். வர்ணம் முடித்து, சுருதியும் தாளமும் நின்ற பிறகு போனால் பலன் உண்டு.

இனி மேற்கத்திய இசை. இங்கே பின்னணி என்பது பெரும்பாலும் சர்ச்சும் கிரேடு தேர்வும்தான். கொயரில் வளர்ந்தவரின் காதுக்கு ஒரே நேரத்தில் நான்கு குரலைப் பிரித்துக் கேட்கத் தெரியும்: சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ். தன் குரலைப் பிடித்துக்கொண்டே பக்கத்தில் இருப்பவரின் குரலையும் கேட்பது பெரிய பயிற்சி. கர்நாடக இசை வகுப்பில் அது கிடைப்பதில்லை. ஸ்டாஃப் நொட்டேஷனைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கச் சொல்லித் தருவார்கள். அதைக் கற்ற பிள்ளை ஆசிரியர் இல்லாமலே புதிய பாடலை வாசித்துவிடும். இளையராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்ற கதை எல்லாருக்கும் தெரியும், அப்படிப்பட்ட ஆசிரியர்கள் சிறிய ஊர்களிலும் சத்தமில்லாமல் இருக்கிறார்கள்.

தேர்வுக்கு மட்டும் தயார் செய்பவர்களிடம்தான் கவனம் வேண்டும். டிரினிட்டி செய்முறைத் தேர்வில் 100க்கு 60 எடுத்தால் பாஸ், 75 எடுத்தால் மெரிட், 87 எடுத்தால் டிஸ்டிங்ஷன். மூன்று பாடல், ஸ்கேல் முதலான பயிற்சிகள், கூட இரண்டு துணைத் தேர்வுகள். வருடம் முழுக்க அந்த மூன்று பாடலையே திருப்பித் திருப்பி வாசிக்க வைத்து டிஸ்டிங்ஷன் வாங்க வைத்துவிட முடியும். அந்தப் பிள்ளையிடம் நான்காவதாக ஒரு பாடலை நீட்டினால் விரல் நகராது. தேர்வுக்கு மட்டும் தயார் செய்பவரைவிட, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வாரம் தவறாமல் ஆர்கன் வாசிப்பவரையே நான் தேர்ந்தெடுப்பேன். பாஸ்டர் திடீரென்று சுருதியை ஏற்றச் சொன்னாலும் கை நிற்காமல் போக வேண்டிய இடத்தில் பழகியவர் அவர். மெல்லிசைக் குழுவில் வாசிப்பவர்களுக்கும் இதே திறமை உண்டு, காதால் கேட்டே பாடலைப் பிடித்துவிடுவார்கள். பத்தாம் வகுப்பு படிக்கும் பையனுக்கு ஆர்வம் குறையாமல் இருக்க அவர்கள் ரொம்ப நல்லவர்கள், அடிப்படை போடுவதற்கு அல்ல.

வாய்ப்பாட்டும் கீபோர்டும் ஒரே நேரத்தில் கற்கும் பிள்ளைகளுக்கு ஒரு குழப்பம் வரும். பாட்டு வகுப்பில் 'ஸ' என்கிற ஸட்ஜத்தை எங்கே வைத்தாலும் அது ஸட்ஜம்தான். பெண் பிள்ளைகள் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் (கட்டை என்பது சுருதியின் அளவு) பாடுவார்கள். கீபோர்டு வகுப்பில் சி என்றால் அது ஒரே இடம், அதாவது ஒன்றாம் கட்டை. இரண்டு ஆசிரியர்களும் மற்றவரின் முறையை மதிப்பவர்களாக இருந்தால் இது ஒரு வாரத்தில் தெளிந்துவிடும். ஒருவர் மற்றவரைக் குறைவாகப் பேசுபவராக இருந்தால் பிள்ளை இரண்டையும் விட்டுவிடும்.

என்னைக் கேட்டால், ஏழெட்டு வயதில் தொடங்கும் பிள்ளைக்கு வாய்ப்பாட்டில் முதல் இரண்டு மூன்று வருடம் பரம்பரையாக வந்த ஆசிரியர் அல்லது தேவார ஆசிரியர். காது அப்போதுதான் திறந்திருக்கும். அதன் பிறகு ஒழுங்குக்கும் விளக்கத்துக்கும் கல்லூரி ஆசிரியர். இருவரும் ஒரே பள்ளியில் இருந்தால் இன்னும் நல்லது. பெரியவர்கள் புதிதாகத் தொடங்குவதாக இருந்தால் நேராகக் கல்லூரி ஆசிரியரிடம் போகலாம், 'ஏன்' என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் பெரியவர்களால் உட்கார முடியாது. கீபோர்டு, பியானோவுக்குக் கொயர் பின்னணி.

எந்தப் பின்னணியாக இருந்தாலும் ஒரு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள். பிள்ளை தப்பாகப் பாடும்போது ஆசிரியர் "தப்பு" என்று சொல்லி நகர்கிறாரா, பாடிக் காட்டுகிறாரா? பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து பாடும் வகுப்பில் ஒவ்வொருவரையும் தனியாக ஒரு தடவையாவது பாடச் சொல்கிறாரா? இந்த இரண்டையும் கவனித்தாலே போதும்.

தனியார் பள்ளிக் கட்டணம் கட்டுப்படியாகாதவர்களுக்கு ஒரு தகவல். தமிழ்நாடு அரசின் கலை பண்பாட்டுத் துறை 17 மாவட்டங்களில் அரசு இசைப்பள்ளிகளை நடத்துகிறது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் என ஏழு பாடங்கள், மூன்று வருடச் சான்றிதழ் படிப்பு. நாதசுரம், தவில், தேவாரம் சேர எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். பள்ளிக்கூடம் போகும் சின்னப் பிள்ளைகளுக்கு அதே துறையின் ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கிறது, 5 முதல் 16 வயது வரை சேரலாம். மேலே சொன்ன பின்னணிகளில் வந்தவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். விண்ணப்பம் வாங்கப் போகும்போதே, தேவாரமும் நாதசுரமும் சொல்லித் தருபவர் யார், எந்த ஊர்க்காரர், யாரிடம் கற்றவர் என்று விசாரித்துவிட்டு வாருங்கள்.