எம்.ஜி.பி சஸ்பென்ஷன்: லீவர் ஷாக்கா, டியூப் ஷாக்கா, காயில்ஓவரா?

எம்.ஜி.பிங்கற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கவங்க ரெண்டு பேர் சேர்ந்தா பத்து நிமிஷத்துல இந்தப் பேச்சு வந்துரும், அந்தக் காலத்து லீவர் ஷாக்கை (ஒரு கை ஆடி, உள்ள இருக்கற ஆயிலைத் தள்ளி குலுக்கலை அடக்கற ஷாக் அப்சார்பர்) எப்ப கழட்டிப் போடப் போறேன்னு. நானும் அதை நம்பி வண்டி வாங்கின மூணாவது மாசமே பின்பக்கத்துக்கு ஒரு பழைய டியூப் ஷாக் (குழாய் மாதிரி இருக்கற சாதா ஷாக்) கிட் வாங்கி மாட்டினேன், ஓட்டிப் பார்த்தா முன்னாடி இருந்ததை விட மோசம், பள்ளத்துல தூக்கிப் போடுது, வளைவுல பின்பக்கம் தனியா ஒரு யோசனை பண்ணிட்டு அப்புறம் வர்ற மாதிரி இருக்கு. கடைசியில பார்த்தா லீஃப் ஸ்பிரிங்கோட (பட்டை பட்டையா அடுக்கின ஸ்பிரிங்) முன் நுனி ஓட்டையில இருந்த ரப்பர் உறை, அதான் புஷ், நைஞ்சு தூளாகிக் கிடந்துச்சு. ஷாக் மேல குத்தமே இல்ல, காசை முதல்ல எங்க போடணும்னு தெரியாம போட்டது நான்தான்.

வண்டியோட அமைப்பைச் சொல்லிடறேன், இது புரியாம கிட் வாங்கினா பாதிக் காசு வீண். 1962ல இருந்து 1980 வரைக்கும் வந்த எல்லா எம்.ஜி.பிலயும் பின்னாடி ஒரே துண்டு ஆக்சில், லீஃப் ஸ்பிரிங், பக்கத்துக்கு ஒரு லீவர் ஷாக். முன்னாடி காயில் ஸ்பிரிங், கீழ விஷ்போன் (சக்கரத்தைப் பிடிச்சிருக்கற V வடிவக் கை), மேல விஷ்போன் எங்கன்னு தேடினா கிடைக்காது, ஏன்னா லீவர் ஷாக்கோட கைதான் அங்க மேல் விஷ்போன். அதனால முன் ஷாக்கோட ஸ்பிண்டில் (அந்தக் கை சுத்தற தண்டு) தேஞ்சா அதிர்வு தாங்கறது மட்டும் கெடாது, சக்கரம் நிக்கிற கோணமே ஆட ஆரம்பிச்சுரும். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒரே கணக்குல பேசக் கூடாதுங்கறது இதனாலதான்.

முதல் வழி, இருக்கற லீவர் ஷாக்கையே ரீபில்ட் பண்றது. மூணுலயும் செலவு கம்மி, வெட்ட வேண்டாம், துளை போட வேண்டாம், வண்டி ஒரிஜினலாவே இருக்கும். ரீபில்ட்னா சில பேர் வெளிய பெயின்ட் அடிச்சு ஆயில் மாத்திக் குடுத்துடறாங்க, அது ரீபில்டே இல்ல, ஸ்பிண்டில் உக்கார்ற இடத்துல புது புஷ் போட்டு சீல் மாத்தினாதான் ஒழுகாம நிக்கும். கூடவே கொஞ்சம் டைட்டான வால்வு போடச் சொல்லலாம், இருக்கற வால்வை வெளிய எடுத்து மாத்தற மாதிரிதான் செஞ்சிருக்காங்க. கெட்டியான ஆயில் ஊத்தினா போதும்னு ஒரு குறுக்கு வழி சொல்வாங்க, ஊத்தலாம், ஆனா அது அமுங்கறதையும் திரும்பி வர்றதையும் சேர்த்தே டைட் பண்ணிடும், சூடானா திரும்ப இளகிடும். என்ஜின் ஆயில் மட்டும் ஊத்திடாதீங்க.

நல்ல லீவர் ஷாக்கான்னு வீட்டுலயே பார்க்கலாம். பின்பக்க லிங்க்கை (ஷாக் கையை ஆக்சிலோட இணைக்கற கம்பி) கழட்டிட்டு ஷாக்கோட கையை மெதுவா மேலயும் கீழயும் ஆட்டுங்க, முழுக்க ஒரே சீரா தடுத்தா நல்லா இருக்கு, கொஞ்ச தூரம் சும்மா போயி அப்புறம் பிடிச்சா உள்ள காத்து இருக்கு இல்ல ஆயில் கம்மி. குறைன்னு பார்த்தா ஒண்ணு இருக்கு, உள்ள ஆயில் கொஞ்சம்தான், ரேஸ் ட்ராக்ல தொடர்ந்து விரட்டினா சூடாகி பிடி விட்டுரும். ரோட்டுல அந்த நிலைக்கு நான் போனதில்ல.

ரெண்டாவது, பின்பக்கம் மட்டும் டியூப் ஷாக். விலை நடுத்தரம், பார்ட்ஸ் மாத்தறது சுலபம், அட்ஜஸ்ட் பண்ற மாடலும் கிடைக்குது. ஆனா நிறைய கிட்ல ஷாக்கை நேரா நிக்க வைக்க இடம் இல்லாம உள்பக்கமா சாய்ச்சு மாட்டறாங்க, இதுல ஒரு சின்னக் கணக்கு இருக்கு, 30 டிகிரி சாஞ்சா ஷாக்கோட வேலையில 75 சதவீதம்தான் ஆக்சிலுக்குப் போகும், 45 டிகிரின்னா பாதிதான். அப்ப அதை ஈடுகட்ட இன்னும் டைட்டா வைக்கறோம், அப்புறம் முதுகு வலிக்குதுன்னு புலம்பறோம். எக்ஸாஸ்ட் இடிக்குதான்னும் பார்த்துக்கணும். லீவர் ஷாக் ரெண்டும் செத்துப் போயி, ரீபில்ட் பண்ண ஆளும் கிடைக்கலன்னா இது நல்ல தேர்வுதான். நல்லா இருக்கற லீவரைக் கழட்டிட்டு இதை மாட்டறதுல எனக்கு ஒரு லாபமும் தெரியல.

மூணாவது முன்பக்க காயில்ஓவர் (ஷாக்கைச் சுத்தியே காயில் ஸ்பிரிங் இருக்கற செட்), புது மேல் விஷ்போனோட வர்ற கிட். இதுதான் எல்லாரும் போட்டோ பார்த்து மயங்கறது. உண்மையிலயே நல்ல விஷயம் இருக்கு, கேம்பர் (சக்கரம் சாஞ்சு நிக்கிற கோணம்) அட்ஜஸ்ட் பண்ணலாம், உயரம் மாத்தலாம், ஷாக் சூடாகறது பிரச்சினையே இல்ல. ஆனா இதுக்குப் போற காசுல நாலு லீவரையும் ரீபில்ட் பண்ணி, எல்லா புஷ்ஷும் மாத்தி, ஆன்டி ரோல் பார் (வளைவுல வண்டி சாயறதைக் குறைக்கற கம்பி) வாங்கி, டயரும் பார்த்துக்கலாம். அதோட கிங்பின் (முன் சக்கரம் திரும்பற தண்டு) தேஞ்ச வண்டியில காயில்ஓவர் போட்டா அந்த ஆட்டம் அப்படியே இருக்கும், கிங்பின்னுக்கு ஒழுங்கா கிரீஸ் அடிக்காத வண்டிதான் ஊர்ல பாதி. ட்ராக்குக்கு போற ஆளா இருந்தா வாங்குங்க, ஞாயித்துக்கிழமை காலையில ஒரு ரவுண்ட் போற ஆளுக்கு இது தேவையில்லங்கறது என் கட்சி.

இதுக்கு நடுவுல யாரும் பெருசா பேசாத ஆன்டி ரோல் பார் இருக்கே, குடுக்கற காசுக்கு வித்தியாசம் கண்ணுல தெரியறது அதுலதான். பாரோட விறைப்பு அதோட தடிமன்ல நாலாவது அடுக்குக்கு ஏறும், அதாவது முன்னாடி 9/16 இன்ச் பார் இருக்கற வண்டியில 3/4 இன்ச் போட்டா விறைப்பு மூணு மடங்குக்கு மேல, 7/8 போட்டா கிட்டத்தட்ட ஆறு மடங்கு. 3/4 போதும், அதுக்கு மேல போனா ஸ்டியரிங் திருப்பியும் மூக்கு நேரா போகப் பார்க்கும். பின்னாடியும் தடியா ஒண்ணு போடலாமேன்னு தோணும், வேண்டாம், சாதா டிஃபரன்ஷியல் (ரெண்டு பின் சக்கரமும் வேற வேற வேகத்துல சுத்த விடற கியர்) வண்டியில வளைவுல உள்பக்கச் சக்கரம் லேசாகி சும்மா சுத்தும்.

1974 கடைசியில ரப்பர் பம்பர் வந்தப்ப வண்டியைக் கொஞ்சம் தூக்கிட்டாங்க, முன்பக்க ஆன்டி ரோல் பாரையும் கொஞ்ச வருஷம் போடாம விட்டுட்டாங்க. அந்த வருஷத்து வண்டி வச்சிருக்கவங்க "லீவர் ஷாக் சரியில்ல"ன்னு சொல்றதுல பாதி உண்மையில பார் இல்லாத குறைதான். அவங்க முதல்ல பார் மாட்டி, உயரத்தைக் கொஞ்சம் குறைச்சுப் பார்க்கட்டும். ஆனா காயில் ஸ்பிரிங்கை வெட்டிக் குறைக்காதீங்க, குறைச்ச ஸ்பிரிங் தனியா கிடைக்குது. ரோட்ஸ்டர்ல (திறந்த எம்.ஜி.பி) முன் ஸ்பிரிங்கை ஒரு இன்ச் அமுக்க 348 பவுண்டு வேணும், ஜிடில (கூரை வச்சது) 480, ரோட்ஸ்டர்ல 480 போடறவங்க நிறைய பேர், கூடவே ஷாக்கும் நல்லா இருந்தாதான் அது சரிப்படும், இல்லன்னா குதிரை வண்டிதான்.

புஷ் விஷயத்துல பாலியூரிதேனா ரப்பரான்னு பெரிய சண்டையே நடக்கும். நான் ஒரு செட் பாலி போட்டு ரெண்டு மாசத்துல கீச்சு கீச்சுன்னு கத்துச்சு, கழட்டி சிலிக்கான் கிரீஸ் வச்சு திரும்ப மாட்டினேன், இன்னொரு மழைக்காலம் தாங்குச்சு. கீழ் விஷ்போனுக்கு இப்ப இருக்கறது எட்டு சிலிண்டர் ஜிடி வி8 வண்டிக்கு வந்த மெட்டலாஸ்டிக் புஷ் (உலோகத்தோட ஒட்டின ரப்பர்), சத்தமே இல்ல, விலையும் கம்மி, சாதா ரப்பரை விட உழைக்குது. ஒண்ணு மட்டும் மறக்காதீங்க, இந்த மாதிரி ஒட்டின ரப்பர் புஷ்ஷை வண்டி தரையில நிக்கும்போதுதான் கடைசியா டைட் பண்ணணும், ஜாக்கில தொங்கும்போது டைட் பண்ணா ரப்பர் முறுக்கிட்டே கிடந்து சீக்கிரம் கிழிஞ்சுரும்.

கைல காசு கொஞ்சம்னா நான் போற வரிசை இது: முதல்ல டயர் தேதி, பக்கவாட்டுல கடைசி நாலு எண் வாரமும் வருஷமும், பத்து வருஷம் தாண்டியிருந்தா மிச்சதெல்லாம் அப்புறம். அடுத்து புஷ், கிங்பின், லீஃப் ஸ்பிரிங் தொங்கியிருக்கான்னு. அப்புறம் லீவர் ரீபில்ட், அதுக்கப்புறம் 3/4 பார். இதுவரைக்கும் முடிச்சுட்டு ஆறு மாசம் ஓட்டுங்க, அதுக்கப்புறமும் டியூப் ஷாக் வேணும்னு தோணுச்சுன்னா சொல்லுங்க, என்கிட்ட ஒரு பின்பக்க கிட் பெஞ்சுக்கு அடியில டப்பாவோட இருக்கு, போல்ட் ரெண்டு மட்டும் காணோம்.