செவலைக்காகக் கொடுத்த பணம் செவலைக்குப் போகவில்லை

எங்கள் தெரு நாய் செவலையின் கால் ஆபரேஷனுக்காகப் போன ஆவணியில் நான் கேட்டு, 61 பேர் பணம் அனுப்பினீர்கள். மொத்தம் 38,400 ரூபாய். அதில் ஒரு ரூபாய்கூட அவள் காலுக்குச் செலவாகவில்லை. என் பேச்சை நம்பித்தான் கொடுத்தீர்கள். அதனால் நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். பணத்தை வாங்கி ஏமாற்றிய ஆள் வேறு நாய்களின் பெயரில் இன்னும் பணம் கேட்டுக்கொண்டிருக்கிறார், ஆகவே தெரிந்தவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

மடிப்பாக்கத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு ராத்திரி தண்ணீர் லாரி ஒன்று செவலையை அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. வலது பின்னங்கால் தொங்கியது. ஆறு வருடமாக என் கையால் சோறு தின்றவள், தொடப் போனால் கடிக்க வந்தாள். வலி அப்படி. விடிந்ததும் வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோக நினைத்தேன். ஒரு ஆட்டோவும் ஏற்றிக்கொள்ளவில்லை. யாரோ கொடுத்த நம்பரில், நாய்களை மீட்கும் ஒரு பெண்ணைக் கூப்பிட்டேன். ஒன்றரை மணி நேரத்தில் வேனோடு வந்தார். வாயைத் துணியால் கட்டி, போர்வையில் வைத்து, அடிபட்ட கால் அசையாமல் தூக்கினார். பழகிய கை. அதைப் பார்த்துத்தான் நம்பினேன். "கவலையே படாதீங்க அக்கா, இனிமே இவ என் பொண்ணு" என்றார்.

மறுநாள் ஒரு எக்ஸ்ரே படமும், தொடை எலும்பில் தகடு வைக்க 45,000 ரூபாய் ஆகும் என்று ஒரு மதிப்பீட்டுத் தாளும் அனுப்பினார். கூடவே க்யூஆர் கோடு. ஸ்கேன் செய்தபோது வேறொரு ஆணின் பெயர் வந்தது. கேட்டேன். "வீட்டுக்காரர் கணக்கு அக்கா, என் கணக்கில் லிமிட் முடிஞ்சிடுச்சு" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். வைத்தியம் பார்ப்பது மருத்துவமனை என்றால் பணமும் அந்த மருத்துவமனைக் கணக்குக்கே நேராகப் போகலாமே! அறக்கட்டளை என்றால் அறக்கட்டளையின் பெயரில் ரசீது வரும். தனி ஆளின் கணக்குக்குத்தான் போட வேண்டும் என்று யாராவது வற்புறுத்தினால் தயவுசெய்து போடாதீர்கள்.

அப்புறம் தினமும் ராத்திரி பதினொரு மணிக்கு மேல்தான் செய்தி வரும். ரத்தம் குறைந்துவிட்டது, இப்போதே ரத்தம் ஏற்ற வேண்டும், 6,000. காய்ச்சல் இறங்கவில்லை, ஊசி வெளியிலிருந்து வாங்க வேண்டும், 3,500. அந்த நேரத்தில் மருத்துவரிடம் பேசவோ நான்கு பேரைக் கேட்கவோ முடியாது. கையில் இருப்பதை அனுப்பிவிட்டு, காலையில் உங்களிடம் கேட்பேன். பார்க்க வருகிறேன் என்றால், "ஐசியூவில் இருக்கா, தொற்று வந்துடும்" என்பார். வீடியோ கேட்டால், எங்கள் வாசலில் எடுத்த பழைய படத்தையே வேறு மாதிரி வெட்டி அனுப்புவார். அதில் எங்கள் வீட்டுச் சிமெண்டுத் தொட்டியின் ஓரம் தெரியும். தெரிந்தும் எனக்கு உறைக்கவில்லை. அவள் பிழைத்தால் போதும் என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை.

பன்னிரண்டாவது நாள், கால்நடை மருத்துவம் படித்த என் மாமா மகள் ஊரிலிருந்து வந்திருந்தாள். எக்ஸ்ரேவைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணி, செவலைக்கு என்ன வயசு?" என்றாள். ஆறு வயதுக்கு மேல் இருக்கும் என்றேன். எலும்பின் நுனிக்குக் கொஞ்சம் உள்ளே மெல்லிய கறுப்புக் கோடு ஒன்றைக் காட்டினாள். எலும்பு வளரும் இடம் அது. நாய்க்கு ஒரு வயது, மிஞ்சினால் ஒன்றரை வயதுக்குள் அது மூடிவிடும். "இது ஏதோ குட்டியோட எக்ஸ்ரே அண்ணி." படத்தின் மேல் ஓரத்தில் பெயரும் தேதியும் இருக்க வேண்டிய இடம் வெட்டப்பட்டிருந்தது. மதிப்பீட்டுத் தாளில் பில் எண் இல்லை, மருத்துவரின் பதிவு எண்ணும் இல்லை. கால்நடை மருத்துவர்கள் எல்லாருக்கும் கவுன்சில் பதிவு எண் உண்டு. அது இல்லாத சீட்டை நம்ப வேண்டாம்.

நான் கேள்வி கேட்ட அன்றே அந்தப் பெண் என்னை பிளாக் செய்துவிட்டார். ஒரு வாரம் கழித்து பெங்களூரில் இருக்கும் சித்தி மகன் ஒரு படம் அனுப்பினான். 'பிரௌனி' என்ற நாய்க்குப் புற்றுநோய், கீமோவுக்கு 60,000 வேண்டும். படத்தில் செவலை. கருத்தடை செய்தபோது காதில் போட்ட முக்கோண வெட்டு, அதே சிமெண்டுத் தொட்டி.

அன்று வந்த வேன் டிரைவரைத் தேடிப் பிடித்தோம். வண்டலூர் தாண்டி, நாய்களை வாடகைக்கு வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு போர்டிங்கில் இறக்கிவிட்டதாகச் சொன்னார். இருபத்து மூன்றாம் நாள் அங்கே போனேன். கம்பிக் கூண்டின் மூலையில் படுத்திருந்தாள். என் குரல் கேட்டதும் வால் மட்டும் தரையில் தட்டியது. எழுந்திருக்க முடியவில்லை. கால் வீங்கி, புண்ணில் புழு வைத்திருந்தது. எந்த மருத்துவரும் பார்க்கவில்லை. போர்டிங் நடத்துபவருக்கும் நாளுக்கு 250 ரூபாய் வாடகை பாக்கி. அந்த 5,750 ரூபாயைக் கட்டி அவளைத் தூக்கிக்கொண்டு நேராக வேப்பேரிக்குப் போனோம்.

எலும்பு வரைக்கும் சீழ் பிடித்துவிட்டது, காலை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார்கள். முதல் வாரமே வந்திருந்தால் தகடு வைத்துப் பார்த்திருக்கலாம் என்று அந்த டாக்டர் மெதுவாகச் சொன்னார். பணம் போனதைவிட எனக்கு ஆறாதது இதுதான். ஆபரேஷனுக்கு மறுநாள் தட்டுத் தடுமாறி எழுந்து, மூன்று காலில் நின்று, என் கையிலிருந்து தயிர் சோறு தின்றாள். இப்போது எங்கள் வீட்டுக்குள்தான் இருக்கிறாள்.

இந்த ஒருவரை வைத்து எல்லாரையும் சந்தேகப்படாதீர்கள். வேப்பேரியில் தன் கைக்காசைப் போட்டு நாய்களைத் தூக்கி வருகிறவர்களை நான் கண்ணால் பார்த்தேன். அவர்கள் கேட்காமலே பில்லைக் காட்டுகிறார்கள், வந்து பாருங்கள் என்கிறார்கள்.

இணையப் பண மோசடியைப் புகார் செய்யும் 1930 எண்ணுக்கு நான் கூப்பிட்டபோது மூன்று வாரம் தாண்டியிருந்தது. உடனே சொல்லியிருந்தால் பணம் கைமாறும் முன் வங்கியில் நிறுத்தி வைக்க வழி இருந்திருக்கும். நாம் அனுப்பிய பணம் அந்த ஆளின் கணக்கை விட்டுப் போய்விட்டது என்றார்கள். காவல் நிலையத்திலும் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கியிருக்கிறேன். ஒவ்வொருவர் அனுப்பிய தொகைக்கும் ஆதாரம் கேட்கிறார்கள். உங்கள் யூபிஐ செயலியில் அந்தத் தேதிக்குப் போனால் 12 இலக்க பரிவர்த்தனை எண் இருக்கும். 42 பேர் அனுப்பிவிட்டீர்கள். மீதி 19 பேர், நூறு ரூபாய் போட்டவராக இருந்தாலும், இந்த வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு அனுப்பிவிடுங்கள். சனிக்கிழமை காலை ஸ்டேஷனுக்குப் போகிறேன்.