ஐந்து ஆண்டுகள் கூகுள் சர்ச் கன்சோலுடன்: புதிய வலைப்பதிவருக்கு ஓர் அனுபவப் பகிர்வு

வீட்டில் பயன்படுத்தும் தையல் மெஷின்களின் சிறு பழுதுகளை நாமே எப்படிச் சரிசெய்துகொள்வது என்பதைப் பற்றித் தமிழில் ஒரு வலைப்பூ நடத்தி வருகிறேன். 2020ஆம் ஆண்டில் அதைத் தொடங்கிய சில நாட்களிலேயே கூகுள் சர்ச் கன்சோலை இணைத்துவிட்டேன். இடையில் கட்டணக் கருவிகள் சிலவற்றை முயன்று பார்த்துக் கைவிட்டேன். இன்றுவரை வாரம் தவறாமல் நான் திறந்து பார்ப்பது இந்த இலவசக் கருவியை மட்டும்தான். எஸ்.இ.ஓ., அதாவது தேடுபொறிகளில் நம் பக்கங்கள் எளிதில் கிடைக்கும்படி செய்யும் முறை, பற்றி எனக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி இதன் வழியாக வந்ததே என்பதால், புதிதாக எழுத வருகிறவர்களுக்கு உதவும் என்ற நம்பிக்கையில் இந்த அனுபவத்தைப் பதிவு செய்கிறேன்.

நம் தளத்தைக் கூகுள் எவ்வாறு பார்க்கிறது, எந்தச் சொற்களுக்கு நம் பக்கங்களைத் தேடல் முடிவுகளில் காட்டுகிறது, எத்தனை பேர் அவற்றைச் சொடுக்கி உள்ளே வருகிறார்கள் என்பவற்றைத் தளத்தின் உரிமையாளருக்குக் காட்டுவதே இந்தக் கருவியின் வேலை. 2015 மே மாதம் வரை இதன் பெயர் வெப்மாஸ்டர் டூல்ஸ். முன்பெல்லாம் 90 நாள் தரவு மட்டுமே கிடைத்தது. 2018இல் வந்த புதிய வடிவம் அதை 16 மாதங்களாக நீட்டியது. சென்ற ஆண்டின் இதே மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது என்பதால், பருவத்துக்குப் பருவம் தேவை மாறும் பொருளைப் பற்றி எழுதுபவருக்கு அந்த நீட்சி பெரிய வசதி.

தளம் நம்முடையதுதான் என்று நிரூபிக்கும் முதல் படியில் பலர் தயங்கி நின்றுவிடுகிறார்கள். இரண்டு வழிகள் உண்டு. டொமைன் (தளத்தின் பெயர்) முழுவதையும் சேர்க்க விரும்பினால், டொமைன் வாங்கிய இடத்தில் அந்தப் பெயருக்கான பதிவுகள் இருக்கும் டி.என்.எஸ். பகுதிக்குச் சென்று, கூகுள் தரும் நீண்ட எழுத்துத் தொடரை டி.எக்ஸ்.டி. என்ற எழுத்துப் பதிவாகச் சேர்க்க வேண்டும். குறிப்பிட்ட முகவரியை மட்டும் சேர்ப்பதானால், ஒரு கோப்பைத் தளத்தில் ஏற்றுவதோ பக்கத்தின் நிரலில் ஒரு மெட்டா வரியை ஒட்டுவதோ போதும். சொந்த டொமைன் உள்ளவர்கள் முதல் வழியையே தேர்ந்தெடுக்குமாறு பரிந்துரைக்கிறேன். www உள்ளது, இல்லாதது என்று முகவரியின் எல்லா வடிவங்களும் ஒரே கணக்கில் வந்துவிடும்.

இணைத்த பிறகு முதல் சில வாரங்கள் வரைபடம் தரையோடு தரையாகக் கிடந்தது. புதிய தளத்துக்கு அது இயல்பு என்று நானும் பொறுமையாக இருந்தேன். ஆனால் என் நிலைமைக்குக் காரணம் வேறு. வடிவமைப்பு முடியும்வரை தளத்தைத் தேடுபொறிகளிடமிருந்து மறைக்கும் அமைப்பை நானே இயக்கி வைத்திருந்தேன். எழுதத் தொடங்கிய பிறகு அதை நிறுத்த மறந்துவிட்டேன். ‘முகவரி ஆய்வு’ வசதியில் ஒரு பக்கத்தின் முகவரியை இட்டுப் பார்த்தபோதுதான், ‘நோஇண்டெக்ஸ்’ (தேடல் பட்டியலான இண்டெக்ஸில் சேர்க்காதே) குறிப்பு இருப்பதால் இப்பக்கம் விலக்கப்பட்டது என்ற செய்தி கண்ணில் பட்டது. ஒரே ஒரு டிக்கை எடுத்ததும் சிக்கல் தீர்ந்தது. புதியவர்கள் சைட்மேப்பை (தளத்தின் பக்க முகவரிகளின் பட்டியலை) கூகுளிடம் சமர்ப்பித்த அன்றே தங்கள் பக்கங்களில் ஒன்றையாவது இந்த ஆய்வில் இட்டுப் பார்த்துவிட வேண்டும்.

இதே இடத்தில் இன்னொரு குழப்பத்தையும் தெளிவுபடுத்த விரும்புகிறேன். தேடலில் வரக் கூடாத பழைய பக்கங்கள் சிலவற்றை ரோபாட்ஸ்.டெக்ஸ்ட் கோப்பில் தடுத்து வைத்தேன். அப்படியும் அவை விளக்கமில்லாத வெறும் இணைப்புகளாகத் தேடலில் தென்பட்டன. அந்தக் கோப்பு, பக்கத்தைப் படிக்காதே என்று மட்டுமே கூகுள்பாட்டிடம் (பக்கங்களைப் படித்துச் செல்லும் கூகுளின் தானியங்கி நிரலிடம்) சொல்கிறது. வேறு தளத்திலிருந்து இணைப்பு இருந்தால், படிக்காமலேயே முகவரியைப் பட்டியலில் சேர்க்க இடமுண்டு. தேடலில் வராமல் இருக்க வேண்டிய பக்கத்தைக் கூகுள்பாட் படிக்க அனுமதிக்க வேண்டும். படித்தால்தான் உள்ளே இருக்கும் ‘நோஇண்டெக்ஸ்’ குறிப்பு அதற்குத் தெரியும். முரண்போலத் தோன்றும் இந்தச் செய்தியை உள்வாங்கிக்கொள்ள எனக்குப் பல நாட்கள் ஆயின.

இனி, இக்கருவியின் உயிர்நாடி என்று நான் கருதும் செயல்திறன் அறிக்கைக்கு வருகிறேன். அதில் நான்கு எண்கள் இருக்கும்: தேடல் முடிவில் நம் பக்கம் எத்தனை முறை காட்டப்பட்டது என்பது இம்ப்ரெஷன், எத்தனை முறை சொடுக்கப்பட்டது என்பது கிளிக், முன்னதில் பின்னது எத்தனை சதவீதம் என்பது சி.டி.ஆர்.; நான்காவது, தேடல் முடிவுகளின் வரிசையில் நம் பக்கம் சராசரியாக எத்தனையாவதாக வந்தது என்பதைக் காட்டும் சராசரி இடம். இவற்றுக்குக் கீழே வாசகர்கள் தட்டச்சு செய்த தேடல் சொற்கள் வரிசையாக இருக்கும். நான் முதலில் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொற்களைப் பார்க்கத் தொடங்கியதும்தான் என் எழுத்து மாறியது.

நடந்ததைச் சொல்கிறேன். தொடக்கத்தில் நான் மிகுந்த உழைப்புடன் எழுதிய கட்டுரை ஒன்றின் தலைப்பு ‘மேல்நூல் இழுவிசையைச் சமன் செய்தல்’. படங்களும் அளவுகளும் சேர்த்து, மேல்நூல் செல்லும் பாதை முழுவதையும் அதில் விளக்கியிருந்தேன். பல மாதங்கள் சென்றும் அதற்கு வாசகர் வரவில்லை. ஒருநாள் செயல்திறன் அறிக்கையில் அந்தப் பக்கத்தை மட்டும் வடிகட்டி, அது எந்தச் சொற்களுக்கெல்லாம் தொலைவில் எங்கோ காட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்தேன். ‘தையல் மெஷின் கீழே நூல் சிக்குது’, ‘துணிக்கு அடியில் நூல் கொத்தாக வருகிறது’, ‘பாபின் நூல் சுற்றிக்கொள்கிறது’ என்ற வகையில் இருந்தன அவை. ஒருவர்கூட இழுவிசை என்ற சொல்லைத் தேடவில்லை. இயந்திரம் என்று தேடியவர்களும் மிகக் குறைவு, எல்லாரும் மெஷின் என்றே தட்டியிருந்தார்கள். ஆங்கில எழுத்துகளிலேயே தமிழைத் தட்டச்சு செய்தவர்களும் கணிசமாக இருந்தார்கள்.

மெஷின் பழுது தெரிந்தவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். துணிக்கு அடியில் நூல் கொத்தாகத் திரள்வதற்கு, பெரும்பாலும் காரணம் மேலேதான் இருக்கும். மேல்நூல், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு இடையே சரியாக உட்காராமல் தளர்ந்து போவதால், அது கீழே தேங்கிச் சிக்கலாகிறது. எனக்குக் காரணம் தெரிந்திருந்ததால் காரணத்தைத் தலைப்பாக வைத்தேன். தைத்துக்கொண்டிருக்கும்போது மெஷின் நின்றுபோனவருக்குத் தெரிவது, துணியைத் திருப்பினால் கண்ணில் படும் அந்த நூல் கொத்து மட்டுமே. அவர் கண்ட குறியைத்தான் தேடுபொறியிடம் சொல்வார். காரணம் தெரிந்திருந்தால் தேடவே மாட்டார். எல்லாத் துறைகளிலும் இப்படித்தான் என்று நினைக்கிறேன்: எழுதுகிறவர் விடையின் சொற்களில் பேசுகிறார், தேடுகிறவர் தவிப்பின் சொற்களில் கேட்கிறார். எஸ்.இ.ஓ. என்று சொல்லப்படுவதில் நான் முக்கியமாகக் கருதும் பகுதி, இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் சந்திக்க வைப்பதுதான்.

அன்றே தலைப்பைத் ‘தையல் மெஷினில் துணிக்குக் கீழே நூல் சிக்குவது ஏன்? மேல்நூலைச் சரிபார்க்கும் முறை’ என்று மாற்றினேன். முதல் பத்தியில் அந்த நூல் கொத்தை வாசகர் காண்பது போலவே விவரித்து, அடுத்த பத்தியில் காரணத்தைச் சொன்னேன். உள்தலைப்புகளையும் அவர்களுடைய கேள்விகளாகவே அமைத்தேன். கட்டுரையின் உடலில் வேறு எதையும் தொடவில்லை. அடுத்த சில வாரங்களில் இம்ப்ரெஷன் படிப்படியாக உயர்ந்து, பின்னர் கிளிக்குகளும் வரத் தொடங்கின. இன்றுவரை என் தளத்தில் அதிகம் படிக்கப்படும் கட்டுரை அதுவே. தேடல் சொற்களை வரிக்கு வரி திணிக்க வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அப்படித் திணித்த எழுத்தை மனிதர் வாசிக்க முடியாது. கூகுளும் அதை விதிமீறலாகவே கருதுகிறது. பக்கத்துக்கான முக்கியச் சொற்களைப் பட்டியலிடும் மெட்டா கீவேர்ட்ஸ் என்ற பெட்டியை நிரப்புவதிலும் பயனில்லை. தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இலேயே அறிவித்துவிட்டது. அந்தப் பெட்டிக்காக நான் செலவிட்ட மாலைகளை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

சராசரி இடம் என்ற எண்ணைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். ஒரு பக்கம் ஒரு சொல்லுக்கு 3ஆம் இடத்தில் 100 முறை காட்டப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த மாதம் அதே பக்கம் வேறொரு சொல்லுக்குப் புதிதாக 60ஆம் இடத்தில் 100 முறை காட்டப்பட்டால், சராசரி 31.5 ஆகிவிடும். உண்மையில் பக்கம் வளர்ந்திருக்கிறது. எண்ணோ சரிந்துவிட்டதாகச் சொல்கிறது. இது புரியாமல், நன்றாக இருந்த ஒரு கட்டுரையை நான் திருத்தித் திருத்திக் கெடுத்திருக்கிறேன். இடத்தைப் பார்ப்பதானால் ஒரு சொல்லையும் ஒரு பக்கத்தையும் சேர்த்து வடிகட்டிய பிறகே பார்க்க வேண்டும்.

பக்கங்கள் பகுதியில் ‘படிக்கப்பட்டது, தற்போது இண்டெக்ஸ் செய்யப்படவில்லை’ என்ற பொருளில் ஒரு பிரிவு இருக்கும். என் பக்கங்கள் பல அதில் கிடந்தன. இண்டெக்ஸ் செய்யக் கோரும் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துவதால் பயன் விளையாது. கூகுளே அதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அப்பக்கங்களை நேர்மையாகப் படித்துப் பார்த்தபோது, ஊசி எண் 11க்கு ஒரு குறிப்பு, 14க்கு ஒரு குறிப்பு, 16க்கு ஒரு குறிப்பு என்று ஒரே செய்தியைத் துண்டு துண்டாக வெளியிட்டிருந்தது தெரிந்தது. அவற்றை ஒரே கட்டுரையாக இணைத்து, பழைய முகவரிகளை 301 வழிமாற்றம் (நிரந்தர வழிமாற்றம்) மூலம் அதற்குத் திருப்பிவிட்டேன். இணைத்த கட்டுரை சில வாரங்களில் இண்டெக்ஸ் ஆனது. பிற கட்டுரைகளிலிருந்து அதற்கு இணைப்பு கொடுத்ததும் உதவியிருக்கும் என்று நம்புகிறேன். புதியவர் தம் முழு உரிமையில் செய்யக்கூடிய வேலை இந்த உள்ளிணைப்புதான். வெளித்தளங்களிலிருந்து இணைப்புகளை விலைக்கு வாங்கித் தருவதாக எனக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. தரவரிசைக்காக இணைப்பு வாங்குவது கூகுளின் ஸ்பேம் கொள்கைக்கு எதிரானது என்பதால் மறுத்துவிட்டேன்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு முகவரி பற்றி ஒரு சொல். தமிழ்த் தலைப்பே முகவரியாக அமைந்தால் அது பிரவுசரில் அழகாகத் தெரியும். அதை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டும்போதோ சதவீதக் குறிகளாக விரியக்கூடும். தமிழின் ஒவ்வொரு குறியீடும் யு.டி.எஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறையில் மூன்று பைட்டுகள் என்பதால், ஒவ்வொரு பைட்டும் மூன்று குறிகளாக எழுதப்படுவதால், ‘நூல்’ என்ற சிறு சொல்கூட 36 குறிகளாகிவிடும். கூகுளுக்கு இரண்டும் ஒன்றுதான். பகிர்வதற்கு எளிது என்பதால் நான் குறுகிய ஆங்கில எழுத்து முகவரிகளுக்கு மாறினேன். ஆனால் மாறிய விதம் தவறு: முதல் முறை வழிமாற்றம் எதுவும் வைக்காமல் பழைய முகவரிகளை மாற்றிவிட்டதால், அறிக்கையில் 404 பிழைகள் (பக்கம் இல்லை என்ற பிழைகள்) குவிந்து, வந்துகொண்டிருந்த வாசகர்களும் நின்றுபோனார்கள். எந்த வடிவமானாலும் முதல் நாளே முடிவு செய்துகொள்வது நல்லது.

பக்க வேகம் குறித்த கோர் வெப் வைட்டல்ஸ் அறிக்கையும் உண்டு. முதன்மைப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தொட்டதற்கு 200 மில்லிவிநாடிக்குள் பதில் வர வேண்டும் என்பன போன்ற அளவுகள் அதில் இருக்கும். இரண்டாவது அளவு 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. வாசகர் எண்ணிக்கை குறைவான தளத்துக்கு இந்த அறிக்கை போதிய தரவு இல்லை என்றே சொல்லும். படங்களைச் சுருக்கி ஏற்றுவது தவிர இதில் புதியவர் நேரம் செலவிட வேண்டியதில்லை.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். திரையில் அதிகபட்சம் 1,000 வரிகளே கிடைக்கும். மிகச் சிலர் மட்டுமே தேடிய சொற்கள், தனியுரிமை கருதி மறைக்கப்படுகின்றன. ஆகவே சொற்களின் கிளிக்குகளைக் கூட்டினால் மொத்தத்தோடு பொருந்தாது. 16 மாதங்களுக்கு முந்தையது போய்விடும் என்பதால் மாதந்தோறும் தரவை இறக்கி ஒரு விரிதாளில் சேமித்து வருகிறேன். எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் இதுவரை எழுதாத பொருளைப் பற்றி இது எதுவும் சொல்லாது. அதற்கு நான், எந்தச் சொல்லுக்குத் தேடல் கூடுகிறது, குறைகிறது என்று காட்டும் கூகுள் டிரெண்ட்ஸையும், சொல் ஆய்வு வசதி கொண்ட, மைக்ரோசாஃப்டின் பிங் தேடுபொறிக்கான பிங் வெப்மாஸ்டர் டூல்ஸையும் நாடுகிறேன். சர்ச் கன்சோலில் உள்ள தளத்தை அப்படியே பிங்கில் இறக்குமதி செய்துகொள்ளலாம் என்பதால் தனி உழைப்பு தேவைப்படவில்லை.

இந்த வாரம் அறிக்கையைத் திறந்தபோது ‘பாபின் நூல் துணிக்கு மேலே தெரிகிறது’ என்ற தேடல் கண்ணில் பட்டது. என் பழைய கட்டுரை அதற்குப் பதினான்காவது இடத்தில் காட்டப்பட்டிருக்கிறது. சொடுக்கியவர் ஒருவரும் இல்லை. மேல்நூல் அளவுக்கு மீறி இறுகும்போது கீழ்நூலை மேலே இழுத்துவிடும் என்பதை அக்கட்டுரையின் கடைசிப் பத்தியில் ஒரே வரியில் சொல்லி முடித்திருக்கிறேன். நாளை அந்த ஒரு வரியை எடுத்து, அவர்கள் தட்டிய அதே சொற்களைத் தலைப்பாக வைத்து, தனிக் கட்டுரையாக எழுதத் தொடங்குகிறேன்.