செம்பூர் வீட்டுக்கு ஃபைபர் போட்ட மூன்று வாரம்

ஜூலையில் மூன்று வாரம் பம்பாயில் இருந்துவிட்டு டொராண்டோ திரும்பியிருக்கிறேன். சேடா நகர் முருகன் கோயிலுக்கு இரண்டு தடவை, மாட்டுங்காவுக்கு ஒரு தடவை போனேன். மற்றபடி இந்தப் பயணத்தில் அதிக நேரம் எடுத்துக்கொண்ட காரியம் அப்பா அம்மா வீட்டு இன்டர்நெட் கனெக்‌ஷனை மாற்றியதுதான். லீவில் ஊருக்குப் போய் இதே வேலையைச் செய்ய நினைக்கிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 71 வயது. சாயங்காலம் பாட்டு கிளாஸ் எடுக்கிறாள். முன்பெல்லாம் பிள்ளைகள் வீட்டுக்கு வருவார்கள். கொரோனாவுக்குப் பிறகு பாதிப் பேர் டேப்லெட் வழியாகத்தான். புனேயில் இரண்டு குழந்தைகள், துபாயில் ஒன்று, நியூ ஜெர்சியில் அக்கா தங்கை இருவர். ஆன்லைனில் சேர்ந்து பாட முடியாது, சத்தம் போய் வருவதற்குள் தாளம் தப்பிவிடும். அதனால் அம்மா ஒரு வரி பாடி நிறுத்துவாள், குழந்தை திருப்பிப் பாடும். அந்த ஒரு வரி முழுசாகப் போய்ச் சேர்ந்தால்தான் பாடம். கமகம் வரும் இடத்தில் படம் உறைந்து, சத்தம் தகரம் மாதிரி உடைந்து, "பாட்டி, கேக்கலை" என்று குழந்தை சொல்லும். அம்மா மறுபடி பாடுவாள். ஒரு மணி நேரத்தில் ஆறேழு தடவை இப்படி. புதிதாகச் சேர வந்த இரண்டு பேரை வேண்டாம் என்று அனுப்பிவிட்டாள் என்பது நான் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அது என்னை ரொம்பவே வருத்தியது.

அப்பாவின் கணக்கு வேறு. பிளான் 50 எம்பிபிஎஸ், ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 42, 45 என்று காட்டுகிறது, அப்புறம் என்ன குறை என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஒரு வீடியோ அழைப்புக்கு இரண்டு மூன்று எம்பிபிஎஸ் போதும். அதனால் வைஃபையை விட்டுவிட்டு, வந்த வயரை நேராக லேப்டாப்பில் செருகி, கமாண்ட் விண்டோவில் 200 தடவை பிங் அடித்துப் பார்த்தேன், அதாவது ஒரு சின்னத் தகவல் துண்டை (பாக்கெட்) அனுப்பி, பதில் எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்ப்பது. 13 பாக்கெட் திரும்பவே இல்லை. திரும்பியவற்றில் சில 5 மில்லி செகண்டில் வந்தன, சில 400 ஆகியும் வந்தன. ஸ்பீடு டெஸ்ட் ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து மொத்த அளவை மட்டும் சொல்லும். நடுவில் தொலைந்த பாக்கெட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். சினிமா பார்க்கும்போதும் அப்படித்தான், சில நொடிகளை முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொள்வதால் குறை தெரியாது. பேச்சிலும் பாட்டிலும் அதற்கு நேரம் கிடையாது. தொலைந்தது தொலைந்ததுதான். மெதுவாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் முதலில் இந்த பிங் சோதனையைச் செய்து பாருங்கள்.

காரணத்தை மொட்டை மாடியில் காட்டியவர் எங்கள் கேபிள்காரர்தான். அவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. அப்பா அவரை 'பாவு' என்றுதான் கூப்பிடுவார். இருபது வருஷத்துக்கு மேல் பழக்கம். 2005 ஜூலை 26 வெள்ளத்தில், சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியதே, மறுநாள் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து பால் பாக்கெட் கொடுத்தவர் அவர். டிவி கேபிளோடு இன்டர்நெட்டும் அவர் கைவழியாகவே வந்தது. கம்பெனி வேறு, தெருவைப் பார்த்துக்கொள்வது அவர். வேறு கம்பெனிக்குப் போகலாம் என்று நான் வாயெடுத்ததும் அப்பா முகம் மாறியது இதனால்தான்.

நானே பாவுவைக் கூப்பிட்டுப் பேசினேன். மழை விட்ட ஒரு காலையில் வாட்ச்மேனிடம் சாவி வாங்கி இருவரும் மேலே ஏறினோம். பக்கத்து பில்டிங் மாடியிலிருந்து எங்கள் மாடிக்கு அந்தரத்தில் ஒரு ஈதர்நெட் வயர் தொங்குகிறது. வெயிலில் மேல்தோல் வெடித்து, உள்ளே செம்பு பச்சையாகப் பூத்திருந்தது. இந்த வகை வயர் 100 மீட்டர் வரைதான் ஒழுங்காக வேலை செய்யும். அதனால் மாடிக்கு மாடி ஒரு தகரப் பெட்டிக்குள், சிக்னலை அடுத்த வயருக்கு அனுப்பும் நெட்வொர்க் ஸ்விட்ச் வைத்து இழுத்துக்கொண்டே வருகிறார்கள். அந்த ஸ்விட்சுக்குக் கரண்ட் பக்கத்து பில்டிங் லிஃப்ட் ரூமிலிருந்து வருகிறது. அங்கே கரண்ட் போனால் எங்கள் வீட்டில் விளக்கு எரிந்தாலும் இன்டர்நெட் இருக்காது. அப்பா ஒரு வருஷமாகப் புரியாமல் இருந்த விஷயம் அது. "வயரை மாத்தித் தரச் சொல்லி மேலே கேட்டு அலுத்துட்டேன், நீங்க ஃபைபர் போட்டுக்கோங்க, காகாவுக்கு நான் சொல்றேன்" என்று ஹிந்தியில் சொன்னார், காகா என்றது அப்பாவை. எங்கள் பில்டிங்கில் எந்தெந்த கம்பெனியின் ஃபைபர் பெட்டி ஏற்கெனவே இருக்கிறது என்பதையும் அவரே காட்டினார்.

அந்தத் தகவல்தான் எல்லாவற்றையும் விட உபயோகமாக இருந்தது. பம்பாயில் எந்த கம்பெனி நல்லது என்று பொதுவாகக் கேட்டுப் பிரயோஜனமில்லை. உங்கள் விங்கில் யார் பெட்டி இருக்கிறது, அதில் இணைந்திருக்கும் வீட்டுக்காரர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். எங்கள் பில்டிங்கில் இரண்டு கம்பெனிப் பெட்டிகள். மூன்றாம் மாடி மாமி எட்டு மாதமாக ஒன்றில் இருக்கிறார், இரண்டு தடவைதான் நின்றதாம், இரண்டும் அன்றைக்கே சரியானதாம். அதையே எடுத்தோம்.

ஃபைபர் ஏன் மேல் என்று அப்பாவுக்குப் புரியும்படி விளக்க ஒரு சாயங்காலம் ஆனது. கம்பெனியின் நிலையத்திலிருந்து வரும் ஒரு கண்ணாடி இழை, பெட்டியில் உள்ள ஸ்ப்ளிட்டரில் பிரிந்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் போகிறது. ஜிபான் என்ற இந்தப் பகிர்வு முறையில் அந்த ஒரு இழை இறங்கு பக்கம் (டவுன்லோடு) சுமார் 2.5 ஜிபிபிஎஸ், ஏறு பக்கம் (அப்லோடு) சுமார் 1.25 ஜிபிபிஎஸ் தாங்கும். அதை எல்லாரும் பகிர்ந்துகொள்கிறார்கள். முக்கியமானது, ஸ்ப்ளிட்டருக்குக் கரண்ட் தேவையில்லை. வெளிச்சத்தைப் பிரித்துவிடும் கண்ணாடி, அவ்வளவுதான். மாடியில் நனைகிற ஸ்விட்சும் பக்கத்து பில்டிங் லிஃப்ட் ரூமும் இதில் கிடையாது. அந்த வாக்கியத்தில்தான் அப்பா சம்மதித்தார்.

விற்க வந்த பையன் 300 எம்பிபிஎஸ் பிளானை விடாமல் சொன்னான், ஏகப்பட்ட ஓடிடி சேர்த்துத் தருவதாக. இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு 100 தாராளம் என்பது என் முடிவு. ஏறும் வேகமும் இறங்கும் வேகமும் ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டு எழுதி வாங்கினேன். அம்மா அனுப்புகிறவள், அவளுக்கு ஏறு பக்கம்தான் பிழைப்பு. விலையில் ஒன்றைக் கவனியுங்கள், 999 என்று சொன்னால் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து கையைவிட்டுப் போவது 1,179.

கனெக்‌ஷனை அப்பா பெயரிலேயே, அப்பாவின் ஆதாரில், அப்பாவின் மொபைல் எண்ணில் எடுத்தோம். கார்டு என்னுடையதாக இருக்கட்டும், எண்ணும் என்னுடையதாக இருக்கட்டும் என்று முதலில் தோன்றியது. யோசித்துப் பார்த்தால், புகார் கொடுக்கும்போது ஓடிபி டொராண்டோவுக்கா வரும்? அப்படியே வந்தாலும் அங்கே நடுராத்திரி. வெளிநாட்டில் இருக்கும் பலர் செய்யும் தவறு இது. வீட்டில் இருப்பவர் கையில் சாவி இருக்க வேண்டும்.

சொசைட்டி அனுமதிக்கு நாலு நாள் ஆனது. செக்ரட்டரி கோவாவில் இருந்தார், அவர் வந்து கையெழுத்துப் போட்டார், அவ்வளவுதான்.

போட வந்த நாள் நல்ல மழை. இரண்டு பையன்கள், ஒருவன் ஜார்க்கண்ட், இன்னொருவன் மான்கூர்டிலேயே பிறந்து வளர்ந்த திருநெல்வேலிக்காரன். அம்மா அவனிடம் தமிழில் பேச ஆரம்பித்து, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டாள். இழையை வெளிச்சுவரில் கிளிப் அடித்து ஏற்றி, ஏசி ஓட்டை வழியாக உள்ளே கொண்டு வந்தார்கள். தலைமுடி போன்ற இரண்டு முனைகளை ஸ்ப்ளைசிங் மெஷினில் வைத்து மூடினால், திரையில் இரண்டும் நேராக வந்து, ஒரு பொறி, ஒட்டிவிட்டது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். பிறகு, வந்து சேரும் வெளிச்சத்தின் வலுவை அளக்கும் பவர் மீட்டரில் மைனஸ் 20 டிபிஎம் காட்டியது. மைனஸ் 27க்குக் கீழே போனால்தான் கவலை என்றான் திருநெல்வேலிப் பையன். அந்த எண்ணை ரூட்டர் பெட்டியின் மேல் மார்க்கரில் எழுதி வைத்தேன். பின்னால் ஏதாவது கெட்டுப்போனால் எங்கிருந்து இறங்கியது என்று தெரியும்.

அவர்கள் ரூட்டரை ஏசி ஓட்டைக்குக் கீழேயே வைத்துவிட்டுப் போகப் பார்த்தார்கள். அங்கிருந்து அம்மா கிளாஸ் எடுக்கும் பின்ரூமுக்கு இரண்டு செங்கல் சுவர். ரூட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலை அந்தச் சுவர்களைத் தாண்டி வலுவாகப் போகாது. 2.4 போகும், ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 என்று மூன்றுதான். என் போனில் அக்கம்பக்கத்து நெட்வொர்க் மட்டும் 26 தெரிந்தது. வாசலில் 96 காட்டிய வேகம் பின்ரூமில் 11. இதை விட்டிருந்தால் இத்தனை பாடும் வீண், பாட்டு பழையபடி உடைந்திருக்கும். செம்பூர் ஸ்டேஷன் பக்கம் எலக்ட்ரீஷியனைப் பிடித்து, சுவரோரமாக ஒரு கேட்-6 நெட்வொர்க் வயர் இழுத்து, பின்ரூமில் வைஃபை தரும் இன்னொரு பெட்டி (அக்சஸ் பாயின்ட்) வைத்தோம். அதற்கு ஆன செலவில் ஒரு பைசாவும் வீண் இல்லை. வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் பழையதையே வைத்தேன். டிவி, டேப்லெட், இரண்டு போன் எல்லாம் யாரும் தொடாமல் தாமாகவே சேர்ந்துகொண்டன.

அப்புறம் 12 வோல்ட் மினி யுபிஎஸ், ரூட்டருக்கு ஒன்று, பின்ரூம் அக்சஸ் பாயின்ட்டுக்கு ஒன்று. கரண்ட் போனாலும் இரண்டு மணி நேரம் ஓடுகிறது.

மறுபடி 200 பிங். ஒன்றுகூடத் தொலையவில்லை, எல்லாம் 3, 4 மில்லி செகண்ட். அன்று சாயங்காலம் நியூ ஜெர்சிப் பிள்ளைகளுக்கு மாயாமாளவகௌளையில் ஜண்டை வரிசை. நான் வெளியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். "கேக்கலை" என்ற சொல் ஒரு தடவையும் வரவில்லை.

மனக்குறை ஒன்று உண்டு. பழைய கம்பெனியில் நாலு மாதப் பணம் முன்கூட்டியே கட்டியிருந்தோம். திருப்பித் தர மாட்டோம் என்றார்கள். போனில் பேசுவதோடு விடாமல் புகார் எண் வாங்கி வைத்திருக்கிறேன். முதலில் புகார் மையம், அங்கே தீராவிட்டால் அதே கம்பெனியின் அப்பீல் அதிகாரி, இதுதான் முறை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் தனித்தனி ஆள் புகாரை விசாரிப்பதில்லை. அப்பா போகட்டும் என்கிறார். பென்ஷன்காரர் கட்டிய பணம், எனக்கு விட மனசில்லை. ஒரு மாதமாவது இரண்டு கனெக்‌ஷனும் சேர்ந்து இருக்கட்டும் என்று பழையதை உடனே வெட்டாமல் வைத்தது சரியான முடிவு. ஆனால் நீண்ட நாளுக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

லேண்ட்லைனை அப்பா விடவில்லை. மொபைல் எண்ணை 2011 முதல் நாடு முழுக்க கம்பெனி மாற்றிக்கொண்டு போகலாம். லேண்ட்லைன் எண்ணுக்கு அந்த வசதி இல்லை. ஃபைபரோடு புது எண் இலவசமாக வந்தது, ஆனால் பழைய எண் அவருடைய ஆபீஸ் நண்பர்கள் எல்லாரின் டைரியிலும் இருக்கிறது. இருக்கட்டும் என்றேன்.

நான் கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்னால் ரூட்டரில் லாஸ் (LOS, இழையில் சிக்னல் வரவில்லை என்று அர்த்தம்) என்ற இடத்தில் சிவப்பு விளக்கு மினுக்கியது. ஆள் வந்து பார்த்தால், பெருக்குவதற்காக பீரோவைத் தள்ளியதில் இழை பின்னால் நசுங்கி மடிந்திருந்தது. ஃபைபரை ஒரு சென்டிமீட்டர் ஆரத்துக்கும் குறுகலாக மடித்தால் வெளிச்சம் வளைவிலேயே வெளியே கசிந்துவிடும். நல்ல வேளை, உடையவில்லை. அப்பாவையே உட்காரவைத்து, சிவப்பு என்றால் முதலில் இழையைத் தடவிப் பார், பச்சை நிலையாக இருந்தும் நெட் இல்லை என்றால் ரூட்டரை அணைத்துப் போடு, அதற்கும் மசியவில்லை என்றால் இந்த எண்ணுக்குப் பேசு என்று ஒரு தாளில் தமிழில் எழுதி, அவரை இரண்டு தடவை செய்துபார்க்கச் சொன்னேன். தாளை அவரே பூஜை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினார்.

போன செவ்வாய்க்கிழமை இங்கே காலை ஏழரை மணி, வாட்ஸ்அப்பில் சிவப்பு விளக்குப் படம் ஒன்று வந்தது. கூப்பிடலாம் என்று போனை எடுப்பதற்குள் இரண்டாவது படம், விளக்கு பச்சை. கீழே அப்பா எழுதியிருந்தார்: "அம்மா சுருதிப்பெட்டியை வயர் மேல வச்சிருந்தா. எடுத்துட்டேன். கிளாஸ் நடக்குது."